கடன் போன பத்திரமும் கைக்கு வந்த ரொக்கமும்

கேள்வி: ஐயா, நான் ஒரு பெரிய ஓய்வூதிய நிதியத்தில் ஊழியர் பிரதிநிதியாகத் தேர்வான டிரஸ்டி. நிதித்துறை என் தொழில் அல்ல. எங்கள் பங்குகளையும் கடன்பத்திரங்களையும் பராமரிக்கும் கஸ்டோடியன் வங்கி ஒரு திட்டம் தந்திருக்கிறது. "சும்மா கிடக்கும் பத்திரங்களைக் கடன் கொடுத்து வருமானம் பார்க்கலாம். 102 சதவீதம் ஈடு வாங்குகிறோம். கடன் வாங்கியவர் திவாலானால் நஷ்டத்தை நாங்கள் ஏற்கிறோம். வருமானத்தில் 80 உங்களுக்கு, 20 எங்களுக்கு" என்கிறார்கள். எங்கள் முதலீட்டு அதிகாரி, கூடவே ரெப்போவையும், அதாவது பத்திரத்தை விற்றுப் பிறகு திரும்ப வாங்கும் ஏற்பாட்டையும், தொடங்கலாம் என்கிறார். ரெப்போ என்றால் கடன் வாங்குவதுதானே? ஓய்வூதியக்காரர்களின் சொத்தை வைத்துக் கடன் வாங்கலாமா? நம் பங்கை வாங்கிப்போய் விற்று விலையை இறக்குபவர்களுக்கு நாமே துணை போகிறோமோ என்ற உறுத்தலும் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் இவற்றை எப்படி அணுகுகின்றன?

பதில்:

அன்புள்ள டிரஸ்டி அவர்களுக்கு,

நிதித்துறை உங்கள் தொழில் அல்ல என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். முதலில் பத்திரங்களைக் கடனுக்கு விடும் ஏஜென்ட் பக்கம், பிறகு நிதியங்கள் பக்கம். வங்கி உங்களிடம் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாகவே இருக்கும். 102 சதவீதம் என்பது இந்தச் சந்தையின் நெடுநாள் வழக்கம். ஈடும் கடன் போன பத்திரமும் வேறு வேறு நாணயத்தில் இருந்தால் 105. நான் கவலைப்படுவது அந்தக் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயத்தைப் பற்றி. ஈடு எந்த வடிவில் வருகிறது? ரொக்கமாக வந்தால், அதை யார், எதில் போட்டு வைக்கிறார்கள்?

முதலில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருக்கும் ஒரு பங்கோ அரசுக் கடன்பத்திரமோ ஒரு தரகு நிறுவனத்துக்குத் தேவைப்படுகிறது. அதன் வாடிக்கையாளரான ஹெட்ஜ் ஃபண்ட் என்ற தனியார் முதலீட்டு நிதி ஷார்ட் விற்றிருக்கலாம், அதாவது விலை இறங்கும் என்று நம்பி, தன்னிடம் இல்லாத பங்கை விற்றிருக்கலாம், அல்லது விற்ற பத்திரத்தை உரிய நாளில் ஒப்படைக்க முடியாமல் தவிக்கலாம். உங்கள் ஏஜென்ட் (இங்கே கஸ்டோடியன் வங்கி) பத்திரத்தைக் கொடுக்கிறார், ஈடு வாங்குகிறார், விலை ஏறி இறங்குவதற்கு ஏற்ப தினமும் ஈட்டைச் சரிசெய்கிறார். "கடன்" என்று சொன்னாலும், பெரும்பாலான ஒப்பந்தங்களில் சட்டப்படி உடைமையே கைமாறுகிறது. உங்களுக்குத் திரும்ப வருவது அதே ரகப் பத்திரம், அதே எண்ணிக்கையில். இடையில் டிவிடெண்ட் வந்தால், அதற்கு இணையான தொகையைக் கடன் வாங்கியவர் உங்களுக்குக் கட்டுவார். ஓட்டுரிமை மட்டும் உங்களிடம் இருக்காது.

இதில் எவ்வளவு கிடைக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் நிதியத்தில் 1,000 கோடி இருக்கிறது, சராசரியாக அதில் பத்தில் ஒரு பங்கு கடனில் இருக்கிறது, கட்டணம் ஆண்டுக்கு 0.20 சதவீதம் என்று வையுங்கள். 100 கோடிக்கு 20 லட்சம். 80-க்கு 20 என்று பிரித்தால் உங்கள் கைக்கு 16 லட்சம். மொத்தச் சொத்தில் அது 0.016 சதவீதம். இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். அந்த 100 கோடிப் பத்திரங்களுக்கு ஈடாக 102 கோடி ரொக்கம் வந்து, ஏஜென்ட் அதை முதலீடு செய்து, அதில் ஒரே ஒரு சதவீதம் நஷ்டமானால் போவது 1 கோடியே 2 லட்சம். ஆறு ஆண்டு வருமானம் ஒரே அடியில் போய்விடும். அந்த நஷ்டத்தில் 80-க்கு 20 என்ற பங்கீடு இல்லை, முழுவதும் உங்களுடையது. "நஷ்டத்தை நாங்கள் ஏற்கிறோம்" என்று வங்கி தரும் உறுதிமொழி, கடன் வாங்கியவர் திவாலாகி ஈடும் போதாமல் போகும் நிலைக்கு மட்டுமே. ரொக்கத்தை முதலீடு செய்ததில் வரும் நஷ்டத்துக்கு அது வழக்கமாகப் பொருந்தாது. ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப்பிடித்து நீங்களே படியுங்கள். வேறு யாரும் படித்துச் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஏன் ரொக்கத்தை முதலீடு செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். ரொக்க ஈடு கொடுத்தவருக்கு அந்தப் பணத்துக்கு வட்டி தர வேண்டும். அதற்கு ரிபேட் என்று பெயர். 4.2 சதவீதம் ரிபேட் தர ஒப்புக்கொண்டால், 4.5 சதவீதம் தரும் இடத்தில் பணத்தைப் போட்டால்தான் 0.3 மிஞ்சும். இங்கேதான் ஆசை புகுகிறது. ஒரே இரவுக்கு மட்டும் போட்டால் மிச்சம் சொற்பம். மூன்று மாதம், ஒரு வருடம், கொஞ்சம் தரம் குறைந்த கடன்பத்திரம் என்று போகப் போக மிச்சம் கூடும். ஏஜென்டுக்கும் அந்த மிச்சத்தில் பங்கு உண்டு. கடன் வாங்கியவரோ எந்த நாளும் பத்திரத்தைத் திருப்பித் தந்து "என் ரொக்கத்தைக் கொடு" என்று கேட்கலாம். நாளைக்கே தர வேண்டிய பணத்தை ஒரு வருடத்துக்குப் பூட்டி வைப்பது இதுதான். பத்திரங்களைக் கடனுக்கு விடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே ஒரு நிதியம் தன்னையறியாமல் வங்கித் தொழில் நடத்த ஆரம்பித்துவிடுகிறது. வங்கிக்கு ஆபத்தில் கைகொடுக்க மத்திய வங்கி உண்டு. உங்களுக்கு இல்லை.

இது கற்பனையல்ல. 2008-இல் அமெரிக்காவின் ஏஐஜி காப்பீட்டு நிறுவனம் வீழ்ந்த கதையைப் பேசும்போது எல்லோரும் கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப்பைத்தான், அதாவது கடன் திரும்பாவிட்டால் நஷ்டத்தை ஈடுகட்டும் ஒப்பந்தங்களைத்தான், சொல்வார்கள். இரண்டாவது ஓட்டை பத்திரக் கடன் திட்டத்தில் இருந்தது. அதன் ஆயுள் காப்பீட்டுத் துணை நிறுவனங்களின் கடன்பத்திரங்களைக் கடனுக்கு விட்டு, கிடைத்த ரொக்கத்தில் பெரும்பகுதியை வீட்டுக்கடன் சார்ந்த பத்திரங்களில் போட்டிருந்தார்கள். கடன் வாங்கியவர்கள் வரிசையாக வந்து ரொக்கத்தைக் கேட்டபோது, அந்தப் பத்திரங்களை யாரும் வாங்கத் தயாராக இல்லை. 2008 அக்டோபரில் அமெரிக்க மத்திய வங்கி இந்த ஒரு தேவைக்காக மட்டும் 3,780 கோடி டாலர் வரை தர முன்வந்தது. டிசம்பரில் 'மெய்டன் லேன் 2' என்ற தனி அமைப்பை உண்டாக்கி, அதற்கு 1,950 கோடி டாலர் கடன் கொடுத்து அந்தப் பத்திரங்களை வாங்க வைத்தது.

அதே 2008-இல், செப்டம்பர் 15-ஆம் தேதி அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானது. அது பத்திரங்களைக் கடன் வாங்குவதிலும் பெரிய ஆள். ஆனால் அதற்குக் கடன் கொடுத்த பெரும்பாலான நிதியங்கள், ஈட்டை விற்று, தங்கள் பத்திரங்களைச் சந்தையில் திரும்ப வாங்கி, நஷ்டமின்றி வெளியே வந்தன. அடிபட்டவர்களில் பெரும்பாலோர் ரொக்கத்தை முதலீடு செய்ததில் அடிபட்டவர்கள். அப்போது நான் இருந்த நிதியமும் அவர்களில் ஒன்று. எங்கள் ரொக்கம் பலருடைய ரொக்கத்தோடு ஒரே தொகுப்பில் கிடந்தது. நிலைமை மோசமானதும் பணத்தை எடுக்க வரம்பு வைத்தார்கள். கடன் திட்டத்தை விட்டு வெளியேற விரும்பினோம், முடியவில்லை. வெளியேற வேண்டுமானால் நஷ்டத்தில் இருந்த பத்திரங்களில் எங்கள் பங்கை அப்படியே ஏற்க வேண்டும் என்றார்கள். ஓய்வு பெற்றவர்களின் பிரதிநிதி ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "பத்திரம் போனது, திரும்பி வந்துவிட்டது. பணம் எங்கே?" என்று கேட்டார். அவருக்குத் தர என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறேன். மிக மோசமான ஒரு வாரத்தில் நம் பணமும் பத்திரமும் யார் கையில், எந்த வடிவில் இருக்கும்?

பெரிய நிறுவனங்கள் பல இந்தப் பாடத்தை வாங்கிக்கொண்டுவிட்டன. ரொக்கம் வேண்டாம், அரசுக் கடன்பத்திரமாகவோ முக்கியக் குறியீடுகளில் உள்ள பங்காகவோ ஈடு தாருங்கள், அதை யூரோகிளியர், பிஎன்ஒய் போன்ற பத்திரப் பராமரிப்பு நிறுவனம் ஒன்று மூன்றாம் தரப்பாக வைத்துக்கொள்ளட்டும் என்கின்றன. ரொக்கம் வாங்கினாலும் ஒரே இரவுக்கான ரெப்போவிலும் குறுகிய கால அரசுப் பத்திரங்களிலும் மட்டும் போடச் சொல்கின்றன. இன்னொரு மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. கையில் இருப்பதையெல்லாம் கடனுக்கு விட்டு, ரொக்க முதலீட்டில் சம்பாதிப்பதை விட்டுவிட்டு, சந்தையில் உண்மையாகவே தட்டுப்பாடுள்ள சில பத்திரங்களை மட்டும் நல்ல கட்டணத்துக்குக் கொடுக்கின்றன. இந்தத் தொழிலில் அவற்றை ஸ்பெஷல் என்பார்கள். எங்கும் கிடைக்கும் பத்திரத்துக்குக் கிடைப்பது பைசா கணக்குதான். தட்டுப்பாடான ஒரு பங்குக்கு ஆண்டுக்குப் பல சதவீதம் கூடக் கிடைக்கும். குறைவாகக் கொடுத்து அதிகம் வாங்குவது ஓய்வூதிய நிதியத்துக்குப் பொருத்தமான வழி என்பது என் உறுதியான கருத்து. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள். இதுவோ அடுத்தவர் கையில் போடுவது.

ஈட்டுப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வங்கிக்குப் பத்திரம் கடன் கொடுத்துவிட்டு, அதே வங்கியின் பங்கையோ அதே நாட்டின் இன்னொரு வங்கியின் கடன்பத்திரத்தையோ ஈடாக வாங்கினால், அந்த வங்கி விழும் நாளில் ஈடும் சேர்ந்தே விழும். பட்டியலில் இதற்குத் தடை இருக்க வேண்டும்.

இனி ரெப்போ. நீங்கள் கேட்டது சரி, அது கடன் வாங்குவதுதான். சட்ட வடிவில் மட்டும் விற்பனை. 100 மதிப்புள்ள அரசுக் கடன்பத்திரத்தை இன்று 98-க்கு விற்கிறீர்கள். நாளையோ ஒரு மாதம் கழித்தோ 98-உடன் வட்டியும் சேர்த்துத் திரும்ப வாங்குவதாக இன்றே ஒப்புக்கொள்கிறீர்கள். அந்த 2 வித்தியாசத்துக்கு ஹேர்கட் என்று பெயர். கணக்குப் புத்தகத்தில் கடன்பத்திரம் உங்கள் சொத்தாகவே தொடரும், எதிரே கடன் நிற்கும்.

அதனால் ரெப்போ நல்லதா கெட்டதா என்பதைவிட, வரும் பணம் எதற்கு என்பதைத்தான் பார்க்க வேண்டும். வட்டி விகித ஸ்வாப் (நிலையான வட்டியையும் மாறும் வட்டியையும் பரிமாறிக்கொள்ளும் ஒப்பந்தம்) வைத்திருக்கும் நிதியங்களுக்கு, விகிதம் எதிர்த்திசையில் நகரும் நாளில் மார்ஜின் எனப்படும் கூடுதல் ஈட்டை ரொக்கமாகக் கட்ட வேண்டி வரும். கடன்பத்திரங்களை அவசரத்தில் விற்பதற்குப் பதில் அவற்றை ரெப்போவில் வைத்து இரண்டு வாரம் சமாளிப்பது புத்திசாலித்தனம். அடுத்த மாதம் வர வேண்டிய சந்தாவை நம்பி இந்த மாத ஓய்வூதியத்தைக் கொடுப்பதற்கும் அது உதவும். அதே ரெப்போவில் பணம் எடுத்து இன்னும் கடன்பத்திரம் வாங்கினால், அதையும் ரெப்போவில் வைத்து மேலும் வாங்கினால், அது வேறு விளையாட்டு. இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில், ஒரே மேசையில் நடக்கும். உங்கள் முதலீட்டுக் கொள்கையில் எது அனுமதி, எது இல்லை என்று எழுத்தில் இருந்தால்தான் வேறுபாடு தெரியும்.

பிரிட்டன் ஓய்வூதிய நிதியங்கள் 2022-இல் பட்ட பாட்டை உங்கள் அதிகாரியிடம் கேட்டால் அவரே சொல்வார். பல நிதியங்கள் ஸ்வாப், ரெப்போ இரண்டின் மூலமும் கையில் இருக்கும் பணத்தைவிடப் பல மடங்கு அரசுக் கடன்பத்திரங்களின் ஏற்ற இறக்கத்தைச் சுமந்திருந்தன. எல்டிஐ, அதாவது வருங்கால ஓய்வூதியப் பொறுப்புகளுக்கு ஏற்ப அமைத்த முதலீடு, என்று அதற்குப் பெயர். செப்டம்பர் 23-இல் அரசு வரிக்குறைப்புத் திட்டத்தை அறிவித்ததும் கடன்பத்திர விலைகள் சரிந்தன. கூடுதல் ஈடு கேட்டார்கள், அதைத் தர நிதியங்கள் கடன்பத்திரங்களை விற்றன, அந்த விற்பனையே விலையை மேலும் சரித்தது. செப்டம்பர் 28-இல் பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து, 6,500 கோடி பவுண்டு வரை அரசுக் கடன்பத்திரங்களை வாங்கத் தயார் என்று அறிவித்தது. கடைசியில் வாங்கியது 1,930 கோடி பவுண்டுக்கு. அந்த நிதியங்களில் பலவற்றுக்குச் சொத்து இல்லாமல் போகவில்லை. சரியான நாளில் சரியான வடிவில் அது கையில் இல்லை, அவ்வளவுதான். அதன் பிறகு, விகிதம் 2.5 சதவீதப் புள்ளி உயர்ந்தாலும் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு வேண்டும் என்று அங்கே விதித்திருக்கிறார்கள். உங்கள் நிதியத்தில் அந்தக் கணக்கை யாராவது போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

எப்போதும் கிடைக்கும் என்று ரெப்போவை நம்பவும் முடியாது. எதிர்த்தரப்பு பெரும்பாலும் வங்கிகள். அவற்றுக்கு மூலதன விகிதக் கட்டுப்பாடுகள் உண்டு, காலாண்டு முடிவிலும் வருட முடிவிலும் கையைச் சுருக்கிக்கொள்கின்றன. 2019 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவில், நிறுவனங்களின் வரி கட்டும் நாளும் புதிய அரசுக் கடன்பத்திரங்களுக்குப் பணம் கட்டும் நாளும் ஒன்றுசேர்ந்தன. மறுநாள் இரவுக் கடன் விகிதமான சோஃபர் 5.25 சதவீதத்தைத் தொட்டது. பகலிடையில் சிலர் 10 சதவீதம் வரை கொடுத்தார்கள். மத்திய வங்கி அப்போது வைத்திருந்த இலக்கு 2-லிருந்து 2.25. நெருக்கடி எதுவும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அது. பெரிய நிதியங்கள் நான்கைந்து எதிர்த்தரப்புகளோடு ஒப்பந்தம் வைத்திருப்பதும், எல்லாவற்றையும் ஒரே இரவுக்கு வைக்காமல் காலத்தைப் பிரித்து வைப்பதும், இரு தரப்புக்கும் நடுவே நின்று பொறுப்பேற்கும் மையத் தீர்வகம் வழியாக நடத்தப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

உங்கள் வங்கியின் திட்டமும் அதிகாரியின் திட்டமும் மோதும் இடம் ஒன்று உண்டு. கடிதத்தில் அதை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ரெப்போவில் வைக்க அதிகாரி நம்பியிருக்கும் அரசுக் கடன்பத்திரங்களைத்தான் கஸ்டோடியனும் கடனுக்கு விடப் போகிறார். மார்ஜின் கட்ட வேண்டிய காலையில் அவை வெளியே இருந்தால், திரும்ப அழைத்து, வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். கடன் வாங்கியவரும் அன்று தவித்துக்கொண்டிருப்பார், தாமதம் செய்வார். அமெரிக்கப் பங்குச் சந்தை 2024 மே 28 முதல் விற்ற மறுநாளே தீர்வு என்ற முறைக்கு வந்த பிறகு, கடனில் இருக்கும்போது நீங்கள் விற்ற பங்கைத் திரும்ப அழைக்கவும் நேரம் சுருங்கிவிட்டது. ஆகவே பெரிய நிறுவனங்களில் பத்திரக் கடன், ரெப்போ, மார்ஜின் மூன்றையும் ஒரே குழுவின் கீழ் கொண்டுவருகிறார்கள். எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பதை ஒரே பட்டியலில் பார்க்கிறார்கள். அவசரத்துக்கென்று ஒரு பகுதியைக் கடன் திட்டத்திலிருந்து முற்றிலும் விலக்கி வைக்கிறார்கள். நீங்களும் இதைச் செய்யாமல் இரண்டையும் தொடங்க வேண்டாம்.

ஷார்ட் விற்பவர்களைப் பற்றிய உங்கள் உறுத்தலை நான் மதிக்கிறேன். ஜப்பானின் அரசு ஓய்வூதிய முதலீட்டு நிதியமான ஜிபிஐஎஃப், 2019 டிசம்பரில் வெளிநாட்டுப் பங்குகளைக் கடனுக்கு விடுவதையே நிறுத்தியது. கடன் போயிருக்கும் காலத்தில் பங்கின் உடைமை நம்மிடம் இல்லை, யார் எதற்கு வாங்குகிறார்கள் என்பதும் தெரியவில்லை, நீண்டகால உரிமையாளராக நடந்துகொள்ளும் கடமைக்கு இது பொருந்தவில்லை என்பது அதன் காரணம். என் முடிவு வேறு. ஷார்ட் விற்பவர்கள் மோசடிக் கணக்குகளை வெளிக்கொண்டுவந்த நேரங்கள் உண்டு. நல்ல நிறுவனத்தின் விலை ஷார்ட் விற்பனையால் நிரந்தரமாக விழுவதில்லை. நாற்பது ஆண்டு வைத்திருக்கப்போகும் நிதியத்துக்கு இடைக்கால விலை பெரிய பொருட்டும் அல்ல. ஓட்டுரிமையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இயக்குநர் நியமனமோ இணைப்போ வாக்கெடுப்புக்கு வரும்போது, யாருக்கு ஓட்டு என்று முடிவாகும் பதிவுத் தேதிக்கு முன் பங்குகளைத் திரும்ப அழைத்துவிட வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு பகுதியை எப்போதும் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

டிவிடெண்ட் தேதியை ஒட்டி, வரியைத் தவிர்ப்பதற்காக மட்டும் பங்கைக் கடன் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். கட்டணம் கவர்ச்சியாக இருக்கும். ஐரோப்பாவில் டிவிடெண்ட் தேதிகளைச் சுற்றி நடந்த கம்-எக்ஸ் வர்த்தகங்களில், கட்டாத வரியைத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் அது குற்றமே என்று தீர்ப்பளித்தது. ஓய்வூதிய நிதியத்தின் பெயர் அப்படிப்பட்ட வழக்கின் ஓரத்தில்கூட வரக்கூடாது.

அப்படியானால் திட்டத்தை ஏற்கலாமா? ஏற்கலாம், ரொக்க ஈட்டை நீக்கிவிட்டு. வங்கி மறுத்தால், ஒரே இரவுக்கு மேல் எதிலும் போடக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு. முதல் ஆண்டில் பங்குகளை மட்டும் கடனுக்கு விடுங்கள், அரசுக் கடன்பத்திரங்களை ரெப்போவுக்கு விட்டுவையுங்கள். 80-க்கு 20 என்பதைப் பேசிக் கூட்டப் பாருங்கள், பெரிய நிதியங்கள் அதைவிட நல்ல பங்கீடு வாங்குகின்றன. ஆனால் பங்கீட்டில் ஐந்து சதவீதம் கூடுதலாகக் கிடைப்பதற்காக ஈட்டின் தரத்தைத் தளர்த்திவிடாதீர்கள். வங்கியிடம் ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். 2008 செப்டம்பரிலும், கொரோனாவால் சந்தை குலுங்கிய 2020 மார்ச்சிலும் அவர்களுடைய ரொக்க ஈட்டுத் தொகுப்பு ஒவ்வொரு நாளும் எந்த மதிப்பில் இருந்தது, எத்தனை வாடிக்கையாளர்களுக்கு எடுப்பு வரம்பு போட்டார்கள் என்ற விவரம். தரத் தயங்கினால் அதையும் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

ஒப்பந்த வரைவு வந்ததும், பெயர்களை அடித்துவிட்டு, உறுதிமொழிப் பகுதியையும் ஈட்டுப் பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள். வரி வரியாகப் பார்த்து அடுத்த பதிலில் எழுதுகிறேன்.